பட்டணத்தில் வீடு பார்த்தல்: அன்றும் இன்றும்

எண்பதுகளில் தென்மாவட்டங்களிலிருந்து மெட்ராஸுக்குப் பிழைக்க வந்தவர்கள் பெரும்பாலும் மீட்டர் கேஜ் வண்டியில் வந்து காலையில் எழும்பூரில் இறங்கினார்கள். பஸ்ஸில் வந்தவர்கள் பாரிமுனையில் இறங்கினார்கள். எல்லார் சட்டைப் பையிலும் ஊர்க்காரர் ஒருவரின் முகவரி இருந்தது. கொஞ்சம் வசதியான குடும்பம் என்றால், ‘வருபவன் நம்ம பையன், பார்த்துக்கொள்ளவும்’ என்று பெரியவர் ஒருவர் எழுதிய கடிதமும் இருக்கும். அந்த ஊர்க்காரர் தன் அறையில் ஒரு பாய்க்கு இடம் கொடுப்பார். எந்த பஸ் எங்கே போகும், எந்த மெஸ்ஸில் மாதக் கணக்கு வைக்கலாம், எந்தத் தெருவில் கோடையில் தண்ணீர் வராது என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தருவார்.

திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் அப்படித்தான் நிரம்பின. இரும்புக் கட்டில்கள், சுவரில் ஆணி, ஆணியில் சட்டை, வராந்தாக் கோடியில் பொதுக் குளியலறை. கோடை இரவில் அறைக்குள் இருக்க முடியாமல் எல்லாரும் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவார்கள். அந்த மாடியில்தான் பாதிப் பேருக்கு நகரம் பிடிபட்டது. எந்த ஆபீஸில் ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தி அங்கேதான் வரும். கல்யாணம் ஆனவுடன் குடும்பத்துக்கு வீடு பார்த்துக் கொடுப்பவரும் பக்கத்துப் பாயில் படுத்தவராகவே இருப்பார்.

இன்று தெற்கிலிருந்து பஸ்ஸில் வருபவர் கிளாம்பாக்கத்தில் இறங்குகிறார். 2002-ல் கோயம்பேடு பஸ் நிலையம் திறந்தபோது வெளியூர் பஸ்கள் பாரிமுனையை விட்டுப் போயின; 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் திறந்தபோது கோயம்பேட்டுக்கும் அதுவே நடந்தது. நகரத்தின் வாசல் வெளியே தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறது. வருகிறவர் கையில் கைபேசி இருக்கிறது. வீட்டின் படங்களை ஊரில் இருந்தபடியே பார்த்தாயிற்று. ஆபீஸுக்கு எத்தனை நிமிடம் என்றும் பார்த்தாயிற்று. யாருக்கும் தொந்தரவு இல்லாமல், யார் தயவும் இல்லாமல் ஒரு குடும்பம் ஊர்விட்டு ஊர் வந்துவிடலாம். இது பெரிய விடுதலைதான். ஆனால் அந்த ஊர்க்காரர் சொல்லித் தந்தவற்றில் முக்கியமான சிலவற்றை எந்தச் செயலியும் சொல்வதில்லை. முதலாவது தண்ணீர்.

அந்த நாளில் வீட்டு வாசலில் அடிபம்பு இருக்கும். குழாயில் மெட்ரோ தண்ணீர், அதாவது குடிநீர் வாரியத் தண்ணீர், வரும் நேரம் விடியற்காலை மூன்றா, நான்கா என்பது தெருவுக்குத் தெரியும். பச்சை, சிவப்பு, நீலம் என்று பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நிற்கும். முதலில் வருபவர் பம்பின் தலையில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுவார், ஊற்றினால்தான் பிடிக்கும். ஆறேழு அடிக்குக் காற்றுதான் வரும், பிறகு செம்மண் நிறத்தில் கொஞ்சம், அப்புறம்தான் தெளியும். 2003-ல் ஏரிகள் வறண்டபோது அதுவும் ஏறக்குறைய நின்றுபோனது. தெருமுனைக்கு லாரி வந்தது. அந்த வறட்சியில்தான் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டிடங்களுக்கும் கட்டாயமானது. 2004-ல் வீராணம் ஏரித் தண்ணீர் 200 கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் பயணம் செய்து சென்னைக்கு வந்து சேர்ந்தது. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் பிறகு வந்தன. இவ்வளவுக்கும் பிறகு 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வற்றின. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

ஆகவே வீடு பார்க்கப் போகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இன்றும் மாறவில்லை. மாறியது கேள்வியின் விவரம்தான். மெட்ரோ தண்ணீர் இணைப்பு உண்டா, போர் தண்ணீர் மட்டும்தானா? போர் எத்தனை அடி, தண்ணீர் உப்பா? கோடையில் லாரி வாங்குவார்களா, வாங்கினால் அந்தப் பணம் பராமரிப்புக் கட்டணத்தில் அடக்கமா, தனியா? அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால், போன மே மாதம் எத்தனை லாரி வந்தது என்று காவலாளியைக் கேட்டாலே போதும். 2011-ல் மாநகராட்சி எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426-க்கு விரிந்தது. சேர்ந்த பகுதிகள் பலவற்றில் குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் இன்னும் முழுமையாகப் போய்ச் சேரவில்லை. முகவரியில் சென்னை என்று இருப்பதால் குழாயில் தண்ணீர் வரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தாம்பரமும் ஆவடியும் தனி மாநகராட்சிகள் ஆகிவிட்டன. குப்பைக்கும் சாக்கடைக்கும் எந்த அலுவலகத்தின் கதவைத் தட்ட வேண்டும் என்பதையும் குடிவரும்போதே தெரிந்துகொள்வது நல்லது.

தண்ணீர் இல்லாத ஊர் என்று சொன்ன அதே வாயால் தண்ணீர் நிற்கும் ஊர் என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. சென்னை ஏரிகளின் மேல் வளர்ந்த நகரம். தியாகராய நகர் இருக்கும் இடத்தில் ஒரு நீண்ட ஏரி இருந்தது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. பழைய குடிகளுக்கு எந்தத் தெரு பள்ளம் என்று தெரியும். அங்கே வீடு பார்க்காதே என்று வருகிறவனிடம் சொல்லிவிடுவார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரங்களிலும் ஏரிக்கரைகளிலும் புது மனைகள் போடப்பட்டபோது சொல்வதற்கு ஆளில்லை. வாங்கியவரும் புதியவர், வாடகைக்கு வந்தவரும் புதியவர். 2015 டிசம்பரில் வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் கோட்டூர்புரத்திலும் தரைத்தளம் முழுக்க இழந்தவர்களில் பலருக்கு, தண்ணீர் அங்கே வரும் என்பதே அன்றுதான் தெரிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் வந்தது.

இணையத்தில் உள்ள வீட்டுப் படங்கள் வெயில் நாளில் எடுத்தவை. நேரில் போனால் கண் எங்கே போக வேண்டும் என்று சொல்கிறேன். கேட்டின் அடிப்பகுதி மட்டும் துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். சுவரில் கீழ்ப்பாதிக்கு மட்டும் புது பெயிண்ட் அடித்திருக்கிறதா? சுவிட்ச் போர்டும் மோட்டாரும் வழக்கத்தைவிட உயரத்தில் ஏற்றி வைக்கப்பட்டிருக்கின்றனவா? வீட்டுக்குள் போகத் தெருவிலிருந்து இறங்க வேண்டியிருக்கிறதா? பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதால் சென்னையில் எத்தனையோ நல்ல வீடுகள் பள்ளத்துக்குள் போய்விட்டன. ஒரு காலத்தில் இரண்டு படி ஏறிப் போன வீட்டுக்கு இன்று இரண்டு படி இறங்கிப் போகிறார்கள். தெருவில் துணி தேய்ப்பவரிடமும் மளிகைக் கடைக்காரரிடமும் ‘பதினஞ்சுல இங்க தண்ணி எதுவரைக்கும்ணே வந்துச்சு?’ என்று கேளுங்கள். முழங்கால், இடுப்பு என்று கையால் காட்டிவிடுவார்கள். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மழை நாளில் போய்ப் பாருங்கள். இன்னொன்று: ஆடியிலும் மார்கழியிலும் நம்மவர்கள் பால் காய்ச்சிக் குடிபோக மாட்டார்கள். அந்த மாதங்களில் ‘டு லெட்’ பலகைகள் நிறையத் தொங்கும். வாடகையைப் பேசிக் குறைக்க அதுவே நல்ல நேரம்.

ஊர்க்காரரின் கடிதத்தைப் பற்றி உயர்வாகச் சொன்னேன். அதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஊர் என்றால் பெரும்பாலும் சாதியும்தான். கடிதம் எழுதித்தரப் பெரியவர் இல்லாதவனுக்கு மேன்ஷன் மாடியும் கிடைக்கவில்லை. வீட்டுக்காரர் பேர் கேட்டார், ஊர் கேட்டார், பிறகு என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். எதற்காகக் கேட்கிறார் என்பது இருவருக்குமே தெரியும். அந்தக் கேள்வி இன்னும் ஒழியவில்லை. தலித் குடும்பங்களுக்கும் முஸ்லிம் குடும்பங்களுக்கும், தனியாக வாழும் பெண்களுக்கும், போனில் ‘காலியாக இருக்கிறது’ என்ற வீடு நேரில் போனதும் ‘இப்பத்தான் முடிஞ்சுது’ என்று ஆவது இந்த நகரத்தின் தீராத அவமானம். கைபேசியில் வீடு பார்ப்பதால் ஒரு நன்மை, முதல் கதவாவது எல்லாருக்கும் திறக்கிறது. இரண்டாவது கதவை மனிதர்கள்தான் திறக்க வேண்டும்.

பணத்துக்கு வருவோம். அன்று பத்து மாத அட்வான்ஸ் என்பது எழுதாத சட்டம். ஒப்பந்தம் என்று ஒன்று இருந்தால் அது முத்திரைத்தாளில் டைப் அடித்த இரண்டு பக்கம். பல வீடுகளில் அதுவும் இல்லை, வாய்ச்சொல்தான். இன்று தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து புதிய வாடகைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், இணையத்திலேயே பதியலாம். இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத பட்சத்தில், அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. என்ன தகராறு இருந்தாலும் தண்ணீரையும் மின்சாரத்தையும் வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது. இத்தனை இருந்தும் பெரும்பாலோர் பதினோரு மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கிறார்கள். காலி செய்யும்போது பெயிண்ட் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டால், அப்போதுதான் தாளை எடுத்துப் படிக்கிறார்கள். பெயிண்ட் யார் செலவு, அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும், வாடகை எப்போது எவ்வளவு ஏறும் என்ற மூன்றையும் எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டை நேரில் பார்க்காமல் டோக்கன் அட்வான்ஸ் என்று ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். வேறு யாருடைய வீட்டுப் படத்தையோ போட்டுப் பணம் பறிப்பது இப்போது ஒரு தொழிலாகவே நடக்கிறது.

கரண்ட் பில்லில் ஒரு சின்ன விஷயம், மாதாமாதம் பணம் போகும் விஷயம். முன்பு மீட்டர் பெட்டிக்குள் செருகிய வெள்ளை அட்டையில், கணக்கெடுக்க வருபவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பேனாவால் யூனிட்டை எழுதிவிட்டுப் போவார். குடித்தனக்காரர் எப்போது வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம். இப்போது கணக்கு குறுஞ்செய்தியாக வீட்டுக்காரர் போனுக்குப் போகிறது. வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று வாங்குகிறவர்கள் அந்தச் சலுகையைக் குடித்தனக்காரருக்குத் தருவதில்லை. தனி மீட்டரா என்று கேளுங்கள். மின் இணைப்பு எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு, நீங்களே இணையத்தில் பார்த்து நேரடியாகக் கட்டுங்கள்.

காகித வேலை விஷயத்தில் மட்டும் இன்றுதான் நல்ல காலம் என்று தயங்காமல் சொல்லலாம். அன்று ரேஷன் கார்டை மாற்ற ஊர் தாலுகா ஆபீஸில் பெயர் நீக்கச் சான்று வாங்கி, இங்கே மண்டல அலுவலகத்தில் நாள்கணக்காக நிற்க வேண்டும். காஸ் இணைப்புக்கு வருடக்கணக்கில் காத்திருந்து மண்ணெண்ணெய் ஸ்டவ்விலேயே பிள்ளை வளர்த்தவர்கள் உண்டு. இன்று எந்த ரேஷன் கடையிலும் பொருள் வாங்கலாம். வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்ற படிவம் 8 போதும். பிள்ளையின் மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானால், அதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது; அரசுப் பள்ளியில் தைரியமாகக் கேட்டுச் சேர்க்கலாம்.

தனியாக வரும் பெண்களுக்கு முன்பு விடுதிகள் குறைவு. உறவினர் வீட்டு ஹாலில் படுத்து வேலைக்குப் போனவர்கள்தான் அதிகம். இப்போது தெருவுக்கு ஒரு பிஜி இருக்கிறது. பெண்கள் விடுதிகள் 2014-ம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. அரசின் ‘தோழி’ விடுதிகளையும் விசாரியுங்கள். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகர பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆகவே குறைந்த சம்பளத்தில் வருகிறவர் வாடகையை மட்டும் பார்க்காமல், அந்தத் தெருவுக்கு எந்த பஸ் வருகிறது, ராத்திரி எத்தனை மணி வரை வருகிறது என்று பார்ப்பது நல்லது. மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்துக்காகப் பல சாலைகளைத் தோண்டியிருக்கிறார்கள். ஆபீஸ் தூரத்தைத் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒருமுறை போய்ப் பார்த்தே முடிவுசெய்யுங்கள்.

இதெல்லாம் வருகிறவருக்கு. ஏற்கெனவே இங்கே இருப்பவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். பக்கத்து வீட்டில் புதிதாக ஒரு குடும்பம் சாமான் இறக்கினால், அவர்கள் எந்த ஊர், என்ன ஆட்கள் என்று விசாரிக்க வேண்டாம். மெட்ரோ தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், லாரிக்கு யாரிடம் சொல்ல வேண்டும், 2015-ல் வெள்ளம் எந்தப் படி வரை ஏறியது என்பதை அவர்கள் கேட்காவிட்டாலும் போய்ச் சொல்லிவிடுங்கள்.