பழைய லேண்ட்மாஸ்டர் வாங்கப் போறீங்களா?



1977, 1983 வன்செயல்களின்போது மலைநாட்டை விட்டுப் போன நம் சொந்தபந்தங்கள் பலர் வவுனியா, கிளிநொச்சி, மன்னார்ப் பக்கங்களில் குடியேறினார்கள். மன்னாரில் முருங்கன் பகுதியில் கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் நெல் விளைகிறது. அங்கே இரண்டு சில்லு உழவு மெஷின், அதாவது லேண்ட்மாஸ்டர், ஒரு குடும்பத்தின் கைகால் மாதிரி. உழுவதும் அதுதான், பெட்டியைப் பூட்டினால் மூட்டை ஏற்றுவதும் அதுதான். புதிது வாங்க முடியாதவர்கள் பழையதைத் தேடுகிறார்கள்.

எங்கள் சித்தப்பா சேமலாப நிதிக் காசை எடுத்து, மன்னார்த் தீவில் ஒரு பழைய லேண்ட்மாஸ்டர் வாங்கி மகனுக்குக் கொடுத்தார். பெயின்ட் பளபளவென்று இருந்தது. "கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்" என்றார் விற்றவர். சித்தப்பாவும் அப்படியே வாங்கினார். இரண்டாம் மாசம் பெட்டியின் அடிச்சட்டம் முறிந்தது. உள்ளே முழுக்கத் துரு. கடலோரத்தில் மீன் ஏற்றின வண்டி அது.

ஆகவே முதல் கேள்வி இதுதான்: வண்டி வயலில் ஓடினதா, கடற்கரையில் ஓடினதா? உப்புத் தண்ணீர் இரும்பை மெல்ல மெல்லத் தின்னும். புதுப் பெயின்டைக் கண்டு மயங்காமல், குனிந்து அடிச்சட்டத்தையும் ஒட்டு வைத்த இடங்களையும் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள்.

அடுத்தது இஞ்சின். ஆறின இஞ்சினைத்தான் ஸ்டார்ட் பண்ணச் சொல்ல வேண்டும். நீங்கள் போகும்போதே சூடாக இருந்தால், ஆறும்வரை காத்திருங்கள். நீலப் புகை வந்துகொண்டே இருந்தால் ஒயில் எரிகிறது, ரிங் தேய்ந்திருக்கலாம். ஒயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கியர் பெட்டி ஒயிலில் இரும்புத் தூள் மினுங்கினால் பல் தேய்கிறது. சேற்றில் உழுத வண்டியில் அச்சுப் பக்கத்து ஒயில் சீல் கசிகிறதா என்றும் பாருங்கள். தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவது நல்லது. அவருக்குக் கொடுக்கும் கூலி வீண் போகாது.

பாட்ஸ் வாங்கும்போது சில்லு, மட்காட் போன்றவற்றைப் பழையதாக வாங்கலாம். ஒயில் சீல், பேரிங், ரிங், பெல்ட், பிரேக் ஆகியவற்றைப் புதிதாகவே போடுங்கள். கழற்றின பழைய சாமானைக் கடைக்குக் கொண்டுபோய், பக்கத்தில் வைத்து அளவு பார்த்து வாங்குங்கள்.

கடைசியாக, ஆனால் மிக முக்கியமாக, பேப்பர். பதிவுப் புத்தகத்தின் மூலப்பிரதியைக் கேளுங்கள். போட்டோ கொப்பி போதாது. இஞ்சின் நம்பரும் செசி நம்பரும் புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும். புத்தகத்தில் லீசிங் கம்பனி பெயர் இருந்தால், கடன் முடிந்த கடிதம் இல்லாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். "ஓபன் பேப்பர்ல எடுங்க, பிறகு மாத்திக்கலாம்" என்பார்கள். வேண்டாம். பெயர் மாறாதவரை புத்தகத்தின்படி அது உங்கள் வண்டி இல்லை. வாங்கின கையோடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயரை மாற்றுங்கள். விற்பவர்களும் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். நாளை விபத்து நடந்தால் பொலிஸ் உங்களைத்தான் தேடி வரும்.

சேமலாபக் காசு என்பது ஒரு ஆயுசு முழுக்கக் கொழுந்து பறித்த காசு. ஒரு நாள் தாமதித்து வாங்கினால் ஒன்றும் குறைந்துவிடாது. கண்ணைத் திறந்துகொண்டு வாங்குங்கள்.