விண்வெளித் துறைக்கு ஆள் எடுப்பது எட்டாம் வகுப்பில்

1969 ஜூலை 20. நிலவில் இறங்கிக்கொண்டிருந்த அப்போலோ 11 கலத்தின் கணினி திடீரென ‘1202’ என்று எச்சரிக்கை எழுப்பியது. இறங்குவதா, பாதியில் திரும்புவதா என்று சில நொடிகளில் சொல்ல வேண்டிய பொறுப்பு ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறையில் இருந்த ஸ்டீவ் பேல்ஸுடையது. அவருக்கு வயது 26. பின்னறையிலிருந்து துணை நின்ற ஜாக் கார்மனுக்கு 24. எந்த எண் வந்தால் என்ன பொருள் என்று கார்மன் முன்கூட்டியே கைப்பட எழுதி வைத்திருந்த பட்டியல் அன்று கைகொடுத்தது. இறங்கலாம் என்றார்கள், கலம் இறங்கியது.

1957 அக்டோபர் 4 அன்று சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியபோது இந்த இருவரும் பள்ளிச் சிறுவர்கள். அந்த அதிர்ச்சியில் அமெரிக்கா செய்த காரியங்களில் ராக்கெட் கட்டியது எல்லோருக்கும் தெரியும். 1958 செப்டம்பரில் அதிபர் ஐசன்ஹோவர் கையெழுத்திட்ட தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பள்ளி ஆய்வகங்களுக்குக் கருவி, கணிதத்துக்கும் அறிவியலுக்கும் ஊக்கம், கல்லூரி மாணவர்களுக்குக் குறைந்த வட்டியில் கடன் என்று சுமார் 100 கோடி டாலரை நான்கு ஆண்டுகளில் கல்வியில் இறக்கிய சட்டம் அது. பாதுகாப்புச் செலவின் பெயரால் பள்ளிக்கூடத்துக்குப் பணம் போனது.

இந்தியாவின் கணக்கை இப்போது போட்டுப் பார்க்கலாம். 2035-இல் சொந்த விண்வெளி நிலையம், 2040-இல் நிலவில் இந்தியர் என்பது 2023-இல் பிரதமர் அறிவித்த இலக்கு. 2013-இல் பிறந்த ஒரு பிள்ளைக்கு 2035-இல் வயது 22, 2040-இல் 27. அந்த நிலையத்தை இயக்கப்போகிறவர்கள் இப்போது ஏதோ ஒரு நடுநிலைப் பள்ளியிலோ உயர்நிலைப் பள்ளியிலோ பின்னம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கணிதம் எனக்கு வராது என்று ஒரு பிள்ளை முடிவுகட்டுவதும் பெரும்பாலும் அந்த வயதில்தான். பதினோராம் வகுப்பில் பாடப்பிரிவு தேர்ந்தெடுக்கும்போது வாசல் பாதி மூடியாகிவிடுகிறது.

தேவை எவ்வளவு? 2020-இல் விண்வெளித் துறை தனியாருக்குத் திறக்கப்பட்டது. சுமார் 840 கோடி டாலராக மதிப்பிடப்பட்ட இந்திய விண்வெளிப் பொருளாதாரத்தை 2033-க்குள் 4,400 கோடி டாலராக உயர்த்துவது ஒன்றிய அரசின் திட்டம். தமிழ்நாடு 2025-இல் வெளியிட்ட விண்வெளித் தொழிற்கொள்கை ஐந்தாண்டுகளில் 10,000 கோடி ரூபாய் முதலீட்டையும் சுமார் 10,000 வேலைகளையும் எதிர்பார்க்கிறது. குலசேகரன்பட்டினத்தில் சுமார் 986 கோடி ரூபாயில் ஏவுதளம் வருகிறது. மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் பல பத்தாண்டுகளாக இயங்குகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் பிறந்த அக்னிகுல் நிறுவனம், ஒரே துண்டாக 3டி முறையில் அச்சிட்ட எஞ்சினுடன் 2024 மே 30 அன்று தன் சோதனை ராக்கெட்டை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவியது. தொழில் வந்துவிட்டது. அதற்கான பிள்ளைகளை உருவாக்கும் பணம் எங்கிருந்து, எத்தனை ஆண்டுகளுக்கு வருகிறது?

முதல் ஊற்று ஒன்றிய அரசு. 2016-இல் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தில், ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ள ஒரு பள்ளிக்கு அதிகபட்சம் 20 லட்சம் ரூபாய் தரப்படுகிறது. 10 லட்சம் ஆய்வகம் அமைக்க. மீதி 10 லட்சம் ஐந்தாண்டு வரை நடத்த. 3டி பிரின்டர், மைக்ரோகன்ட்ரோலர், சென்சார் எல்லாம் வரும். நாடு முழுவதும் 10,000-க்கும் மேற்பட்ட ஆய்வகங்கள் அமைந்துவிட்டன. 2025 பட்ஜெட்டில் அரசுப் பள்ளிகளில் இன்னும் 50,000 அறிவிக்கப்பட்டது. மிக நல்ல திட்டம் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆய்வகத்துக்கென்று சம்பளத்துடன் தனி ஆசிரியர் பணியிடம் இதில் இல்லை. ஏற்கெனவே பாடம் நடத்தும் அறிவியல் ஆசிரியர்தான் பொறுப்பு. வெளியிலிருந்து வரும் வழிகாட்டிகள் தன்னார்வலர்கள். அந்த ஆசிரியர் இடமாறுதலில் போனால் சாவியும் பொறுப்பும் அடுத்தவர் கைக்கு மாறும். போனவர் கற்ற வித்தை மாறாது. பிரின்டருக்கு வேண்டிய பிளாஸ்டிக் இழை தீர்ந்தால் வாங்க வேண்டும், பழுதானால் ஆள் வர வேண்டும். ஆறாம் ஆண்டில் அதற்கு யார் பணம் தருவது?

அடுத்தது இஸ்ரோ. ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்காக 2019-இல் தொடங்கிய ‘யுவிகா’ முகாமில் இரண்டு வாரம் இஸ்ரோ மையங்களைப் பார்க்கலாம், விஞ்ஞானிகளுடன் பேசலாம். பயணமும் தங்குமிடமும் இஸ்ரோவின் செலவு. கிராமப்புற மாணவர்களுக்குத் தேர்வில் கூடுதல் மதிப்பு உண்டு. போய்வந்த பிள்ளைகளுக்கு அது வாழ்நாள் அனுபவம். ஆனால் அண்மை ஆண்டுகளில் ஒரு முறைக்குச் சுமார் 350 பேர்தான். கரோனா காலத்தில் முகாம் நின்றும் போனது.

மூன்றாவது, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி. பலரும் சொல்வதுபோலச் சொன்னால் சி.எஸ்.ஆர். பணம். 2013 கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். கல்வியும் அந்தப் பட்டியலில் உண்டு. விமானத் தயாரிப்பு நிறுவனங்கள் இங்கே கவனம் செலுத்துவது வரவேற்கத்தக்கது. போயிங் 2024-இல் பெங்களூருவில் தொடங்கிய ‘சுகன்யா’ திட்டம் பெண் குழந்தைகளுக்காக 150 இடங்களில் ஆய்வகம் அமைப்பதாகச் சொன்னது. ஆனால் 2021-இல் திருத்தப்பட்ட விதிகளில் ஒரு வரம்பு இருக்கிறது: பல ஆண்டுகள் தொடரும் திட்டம் என்றாலும், தொடங்கிய ஆண்டு நீங்கலாக மூன்றாண்டுக்கு மேல் போகக் கூடாது. ஆக மொத்தம் நான்கு ஆண்டு. ஆறாம் வகுப்பில் ஆய்வகத்துக்குள் காலெடுத்து வைக்கும் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடிக்க ஏழு ஆண்டுகள். பணத்தின் ஆயுள் பிள்ளையின் படிப்பைவிடக் குறைவாக இருக்கிறது. இந்தத் துறையில் என்னை மிகவும் உறுத்துவது இதுதான்.

ஒருமுறைப் பணம் பயனற்றது என்று சொல்ல வரவில்லை. 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள், சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பின் வழிகாட்டலில் ‘ஆசாதிசாட்’ என்ற 8 கிலோ செயற்கைக்கோளுக்கான கருவிகளை உருவாக்கினார்கள். 2022 ஆகஸ்ட் 7 அன்று அதைச் சுமந்து சென்ற எஸ்.எஸ்.எல்.வி.யின் முதல் பயணம் தோற்றது. இரண்டாம் நிலை பிரிந்தபோது எழுந்த அதிர்வில், முடுக்கத்தை அளக்கும் சென்சார்கள் சிறிது நேரம் அளவு மீறிக் காட்ட, ராக்கெட்டின் கணினி அவற்றைப் பழுது என்று ஒதுக்கிவிட்டது. வட்டப் பாதையில் விட வேண்டியதைத் தாழ்வான நீள்வட்டத்தில் விட்டதால் செயற்கைக்கோள் நிலைக்கவில்லை. ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2023 பிப்ரவரி 10 அன்று எஸ்.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் பயணத்தில் ‘ஆசாதிசாட்-2’ சுற்றுப்பாதையை அடைந்தது. இரண்டாம் வாய்ப்புக்கும் பணமும் ஆளும் இருந்ததால் நடந்தது அது. தோல்விக்குக் காரணம் தேடி, சரிசெய்து, மீண்டும் ஏவுவதுதான் இந்தத் தொழிலின் அன்றாடம். ஒரே ஒரு கண்காட்சியோடு நின்றுவிடும் நிதியால் அதைப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர முடியாது.

நீடித்த நிதி எப்படி இருக்கும் என்பதற்கு நாசாவின் ‘ஸ்பேஸ் கிரான்ட்’ திட்டம் நல்ல பாடம். 1987-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்ற, 1989-இல் நடைமுறைக்கு வந்தது. 50 மாநிலங்கள், தலைநகர் வாஷிங்டன், போர்ட்டோ ரிக்கோ என 52 கூட்டமைப்புகள். ஒவ்வொன்றிலும் கல்லூரிகள், அருங்காட்சியகங்கள், தொழில் நிறுவனங்கள். உதவித்தொகை, பயிற்சி வேலை, மாணவர் கட்டும் சிறு செயற்கைக்கோள், பலூன் சோதனை, பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி எல்லாம் இதன் வழியே நடக்கின்றன. 2024-இல் இதற்கு ஒதுக்கியது 5.8 கோடி டாலர். நாசாவின் சுமார் 2,500 கோடி டாலர் பட்ஜெட்டில் அது கால் சதவீதம்கூட இல்லை. ஆனாலும் 2017 தொடங்கி நான்கு ஆண்டுகள் டிரம்ப் அரசு ஆண்டுதோறும் நாசாவின் கல்விப் பிரிவையே மூடப் பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் ஒவ்வொரு முறையும் பணம் தந்தது. 2025 மே மாதப் பட்ஜெட் முன்மொழிவிலும் அதே பரிந்துரை திரும்ப வந்தது. அந்த முதல் நான்கு தாக்குதல்களிலும் திட்டம் பிழைத்ததற்கு அது பரவியிருந்த விதம் ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். எந்த உறுப்பினரின் மாநிலத்திலும் அதனால் பயன்பெறும் ஒரு கல்லூரி இருக்கிறது.

இன்னொரு குறையையும் சொல்லியாக வேண்டும். விண்வெளி என்றதும் நம் திட்டங்கள் எல்லாம் விஞ்ஞானியையும் பொறியாளரையும் மனதில் வைக்கின்றன. ஆனால் ராக்கெட்டின் எரிபொருள் தொட்டியை இணைப்பவர் வெல்டர். அந்த இணைப்பில் மயிரிழை அளவு துளை இருந்தாலும் எரிபொருள் கசியும். அதனால்தான் ஒவ்வொரு இணைப்பையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள். எஞ்சின் பாகத்தை மைக்ரான் கணக்கில் கடைந்து எடுப்பவர் சி.என்.சி. இயந்திரம் ஓட்டுபவர். கோவையிலும் ஓசூரிலும் இத்தகைய கைகளுக்குப் பஞ்சம் வந்தால் வடிவமைப்பு காகிதத்திலேயே நிற்கும். தமிழ்நாடு அரசு டாட்டா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 2,877 கோடி ரூபாய் திட்டத்தில் 71 அரசு ஐ.டி.ஐ.களை நவீனமாக்கியது பெரிய முயற்சி. ஆனால் பள்ளி டிங்கரிங் ஆய்வகத்துக்கும் ஐ.டி.ஐ.க்கும் நடுவே பாலம் இல்லை. எட்டாம் வகுப்பில் சால்டரிங் இரும்பை லாவகமாகப் பிடிக்கும் ஒரு பெண்ணுக்கு, வெல்டிங்கும் விண்வெளிக்குப் போகும் வழி என்று யாராவது சொல்ல வேண்டும். அவளது பெற்றோருக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

செய்யக்கூடியது என்ன? ஆயிரம் அரசுப் பள்ளி ஆய்வகங்களுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் நிரந்தரமாகத் தந்தால் ஆகும் செலவு 20 கோடி. குலசேகரன்பட்டினம் ஏவுதளச் செலவில் ஐம்பதில் ஒரு பங்கு. ஆசிரியர் சம்பளம் இதற்கு மேல். அதைப் பள்ளிக்கல்வித் துறையின் வழக்கமான செலவுக்குள் கொண்டுவந்தால்தான் திட்டக்காலம் முடிந்ததும் பணியிடம் மறையாது. மாநில விண்வெளிக் கொள்கை நிறுவனங்களுக்கு ஊதிய மானியம் உள்ளிட்ட சலுகைகளை வழங்குகிறது. சலுகை பெறும் நிறுவனம், அருகிலுள்ள இரண்டு மூன்று பள்ளி ஆய்வகங்களை ஏழு ஆண்டுகளுக்கு ஏற்று, தன் பொறியாளரையும் டெக்னீஷியனையும் மாதம் ஒருநாள் அங்கே அனுப்ப வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு விதி சேர்க்கலாம். குலசேகரன்பட்டினத்தைச் சுற்றியுள்ள உடன்குடி, சாத்தான்குளம், திருச்செந்தூர் பள்ளிகளில் அதைத் தொடங்கலாம். நிலம் எடுக்கப்பட்ட வட்டாரம் அது. வேலைக்கான முதல் உரிமை அங்குள்ள பிள்ளைகளுக்கு இருக்கிறது.