காற்றிலிருந்து யூரியா மூட்டை வரை

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். உழவர்கள் தழைச்சத்து என்று சொல்வது அதைத்தான். பயிர் மண்ணிலிருந்து உறிஞ்சும் சத்துகளில் இதுவே பெரும்பாலும் முதலிடத்தில் நிற்கும். ஆனாலும் நெல்லோ கோதுமையோ தன்னைச் சூழ்ந்திருக்கும் காற்றிலிருந்து இந்தச் சத்தை எடுத்துக்கொள்ள முடியாது. காற்றிலுள்ள நைட்ரஜன் இரண்டிரண்டு அணுக்களாக இணைந்திருக்கிறது. ஒவ்வோர் இணையையும் மூன்று பிணைப்புகள் சேர்த்துக் கட்டியிருக்கின்றன. 28 கிராம் நைட்ரஜனில் உள்ள அந்தப் பிணைப்புகளை அறுக்க ஏறத்தாழ 945 கிலோஜூல் ஆற்றல் செலவாகும். வேதியியலில் இதைவிட உறுதியான பிணைப்புகள் மிகச் சிலவே.

இயற்கையில் மின்னல் அதை அறுக்கிறது. அதைவிடப் பெரிய அளவில் சில நுண்ணுயிர்கள் அறுக்கின்றன. உளுந்து, பாசிப்பயறு, தக்கைப்பூண்டு ஆகியவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்களும், அசோலாவின் இலைக்குள் குடியிருக்கும் நீலப்பச்சைப் பாசியும் இரும்பும் மாலிப்டினமும் கலந்த ஒரு நொதியைக் கொண்டு, வயல் வெப்பத்திலேயே நைட்ரஜனை அம்மோனியாவாக்கிவிடுகின்றன. பல நூற்றாண்டுகளாக உலகின் விளைச்சலுக்கு எல்லை வகுத்தது இந்த நுண்ணுயிர்களின் வேகமும் சாண எருவின் அளவும்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பா அந்த எல்லையைத் தாண்டக் கடல் கடந்தது. பெருவின் தீவுகளில் குவிந்திருந்த பறவை எச்சமும், சிலியின் பாலைநிலத்தில் கிடைத்த வெடியுப்பும் கப்பல் கப்பலாக வந்தன. 1898-ல் பிரிஸ்டல் நகரில் பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தின் தலைவராகப் பேசிய வில்லியம் குரூக்ஸ், அந்தச் சுரங்கங்கள் வற்றும் நாளைப் பற்றி எச்சரித்தார். கோதுமை உண்ணும் மக்களைப் பட்டினியிலிருந்து காக்க வேண்டுமானால் காற்றின் நைட்ரஜனை வேதியியலாளர்கள்தான் பிடித்துத் தர வேண்டும் என்பது அவர் விடுத்த அழைப்பு.

பதினோரு ஆண்டுகளில் அதற்கு விடை வந்தது. 1909 ஜூலை 2-ம் தேதி, ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே நகரில், ஃபிரிட்ஸ் ஹாபரின் ஆய்வகத்தில் மேசைமேல் வைத்த ஒரு கருவியிலிருந்து திரவ அம்மோனியா சொட்டத் தொடங்கியது. கருவியை வடிவமைத்து இயக்கியவர் ராபர்ட் லெ ரோசிக்னால் என்ற இளம் வேதியியலாளர். அழுத்தம் வளிமண்டலத்தைப் போல் இருநூறு மடங்குக்கு அருகில், வினையூக்கி ஆஸ்மியம். ஹாபரின் முறைக்கு அடித்தளம் ஒரு சமநிலைக் கணக்கு. நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேரும்போது வெப்பம் வெளிப்படுகிறது. ஆகவே சூடு ஏற ஏற அம்மோனியாவின் பங்கு குறையும். சூட்டைக் குறைத்தாலோ வினை நகராது. அதனால் சூட்டோடு அழுத்தத்தையும் உயர்த்தி, ஒவ்வொரு சுற்றிலும் உண்டாகும் சிறு அளவு அம்மோனியாவைக் குளிர்வித்துப் பிரித்து, மீதி வாயுவைத் திரும்பத் திரும்ப உலைக்குள் செலுத்தினார். இன்றும் ஒரு சுற்றில் 15 சதவீதம் அளவே மாறுகிறது. மீதி மறுபடி உள்ளே போகிறது.

ஆய்வகத்தில் சொட்டியதை ஆலையில் பொழியவைக்க இன்னும் நான்கு ஆண்டுகள் ஆயின. பயன்பாட்டு வேதியியல் என்றால் என்ன என்று கேட்பவருக்கு அந்த நான்கு ஆண்டுகளையே எடுத்துக்காட்டலாம். ஆஸ்மியம் உலகில் மிக அரிது. அதை நம்பி ஆலை கட்ட முடியாது. பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தின் ஆல்வின் மிட்டாஷ் பொருள்களை ஒவ்வொன்றாகச் சோதித்துத் தள்ளினார். ஸ்வீடனிலிருந்து வந்த ஒரு காந்த இரும்புத் தாது எதிர்பாராத அளவுக்கு வேலை செய்தது. தூய இரும்பு தோற்ற இடத்தில் அந்தத் தாது வென்றதற்குக் காரணம் அதிலிருந்த கலப்புகள் என்று அவர் ஊகித்தார். இரும்போடு அலுமினிய ஆக்சைடும் பொட்டாசியமும் சிறிதளவு சேர்த்தபோது நிலையான வினையூக்கி கிடைத்தது. ஆய்வு முடிவதற்குள் சோதனைகளின் எண்ணிக்கை பல்லாயிரத்தை எட்டியிருந்தது. நூறாண்டு கழிந்தும் உலகின் பெரும்பாலான ஆலைகளில் அந்த இரும்புக் கலவையின் வழித்தோன்றல்களே இயங்குகின்றன. இரும்பின் மேற்பரப்பில் வினை எப்படி நிகழ்கிறது என்பதைப் படிப்படியாக விளக்கிய கெர்ஹார்ட் எர்டலுக்கு 2007-ல்தான் நோபல் பரிசு கிடைத்தது. வேலை செய்யும் பொருள் முதலில் வந்தது. அது ஏன் வேலை செய்கிறது என்ற விளக்கம் வெகு காலம் கழித்து வந்தது.

உலை கார்ல் போஷின் பொறுப்பு. முதல் எஃகு உலைகள் எண்பது மணி நேரம் அளவில் வெடித்தன. உயர் அழுத்தத்தில் ஹைட்ரஜன் எஃகுக்குள் ஊடுருவி, அதன் வலிமைக்குக் காரணமான கார்பனைத் தின்றுவிடுவதைப் போஷ் கண்டறிந்தார். உள்ளே கார்பன் குறைந்த மெல்லிரும்பு உறை, வெளியே அழுத்தத்தைத் தாங்கும் எஃகுச் சுவர் என்று வேலையை இரண்டாகப் பிரித்தார். உறையைக் கடந்து வரும் ஹைட்ரஜன் தேங்காமல் வெளியேற, வெளிச்சுவரில் சிறு துளைகள் இட்டார். 1913 செப்டம்பரில் ஓப்பாவ் ஆலை நாளொன்றுக்கு 30 டன் என்ற அளவில் தொடங்கியது.

அடுத்த ஆண்டே போர் வந்தது. சிலி வெடியுப்பின் கடல்வழி அடைபட்ட ஜெர்மனிக்கு வெடிமருந்து கொடுத்ததும் இதே அம்மோனியாதான். ஹாபர் 1915 ஏப்ரலில் ஈப்ரெஸ் களத்தில் குளோரின் வாயுத் தாக்குதலை முன்னின்று நடத்தினார். 1918-க்கான நோபல் பரிசு அவருக்கே போனது. அந்த முரண் இன்றுவரை தீரவில்லை. 1921-ல் ஓப்பாவில் சேமித்திருந்த அம்மோனியம் உரக்குவியல் வெடித்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இன்று உலகம் ஆண்டுக்கு 18 கோடி டன்னுக்கு மேல் அம்மோனியா செய்கிறது. அதில் ஏறக்குறைய 70 சதவீதம் உரத்துக்குப் போகிறது. உலக மக்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேரின் உணவு இந்த ஒரு வினையை நம்பியிருப்பதாக மதிப்பிடுகிறார்கள். அதற்கான விலை ஆற்றலாகவும் கரியமில வாயுவாகவும் கொடுக்கப்படுகிறது. தேவையான ஹைட்ரஜன் பெரும்பாலும் இயற்கை வாயுவிலிருந்து வருகிறது, சீனாவில் நிலக்கரியிலிருந்து. வாயுவை நம்பும் நல்ல ஆலையில் ஒரு டன் அம்மோனியாவுக்கு சுமார் 1.8 டன் கரியமில வாயு வெளியேறும். நிலக்கரி என்றால் 3 டன்னைத் தாண்டும். நெய்வேலியில் ஒரு காலத்தில் பழுப்பு நிலக்கரியை வாயுவாக்கி யூரியா செய்தார்கள். மணலி, தூத்துக்குடி ஆலைகள் நெடுங்காலம் நாப்தாவை நம்பியிருந்து, அண்மை ஆண்டுகளில்தான் இயற்கை வாயுவுக்கு மாறின.

அம்மோனியாவையும் கரியமில வாயுவையும் அழுத்தத்தில் சேர்த்தால் யூரியா. 46 சதவீதம் நைட்ரஜன் கொண்ட, கையாள எளிய வெண்மணிகள். 45 கிலோ மூட்டை ஒன்றில் 20.7 கிலோ நைட்ரஜன் இருக்கிறது. அது நெல் வயலில் விழுந்தபின் நடப்பதுதான் இந்த வேதியியலின் மிகப் பலவீனமான பகுதி. மண்ணின் யூரியேஸ் நொதி சில நாள்களில் யூரியாவை அம்மோனியமாக உடைக்கிறது. பகலில் வயல் நீரிலுள்ள பாசிகள் கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் நீரின் காரத்தன்மை ஏறுகிறது. அப்போது அம்மோனியம் வாயுவாகிக் காற்றில் போய்விடும். மீந்ததை மண்ணின் மேற்படலத்தில் உள்ள நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட் மண் துகளில் ஒட்டாது. நீரோடு கீழே இறங்கும். காற்றில்லாத சேற்றில் வேறு நுண்ணுயிர்கள் அதை மறுபடி நைட்ரஜன் வாயுவாகவும், ஒரு பகுதியை நைட்ரஸ் ஆக்சைடாகவும் ஆக்கிவிடுகின்றன. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு கரியமில வாயுவைவிட 270 மடங்கு அளவுக்குப் புவியைச் சூடாக்கும். இவ்வளவும் போக, இட்ட நைட்ரஜனில் நெற்பயிருக்குச் சேருவது பெரும்பாலும் 30 முதல் 40 சதவீதம்தான்.

இந்த இழப்பைக் குறைக்கும் ஆய்வு ஆரவாரமில்லாமல் நடந்திருக்கிறது, பலனும் தந்திருக்கிறது. வேப்பம் விதையில் உள்ள சில பொருள்கள் நைட்ரேட் உண்டாக்கும் நுண்ணுயிர்களின் வேகத்தைத் தணிக்கின்றன. டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் இதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். 2015-ல் உள்நாட்டு யூரியா முழுவதற்கும் வேம்புப் பூச்சு கட்டாயமானது. அதற்கு வெகு முன்பே யூரியா, ஜிப்சம், வேப்பம் புண்ணாக்கை 5:4:1 என்ற அளவில் கலந்து ஒரு நாள் வைத்திருந்து இடுமாறு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைத்து வந்திருக்கிறது. வங்கதேசத்தில் யூரியாவைச் சிறு உருண்டைகளாக்கி, நான்கு குத்துகளுக்கு நடுவே சேற்றில் ஆழமாகப் புதைக்கிறார்கள். நீரோடும் காற்றோடும் தொடர்பு அறுவதால் உரத்தில் மூன்றிலொரு பங்கு வரை மிச்சமாகிறது. ஆள்கூலிதான் அதற்குத் தடை. இலை வண்ண அட்டை இன்னும் மலிவு. வாரம் ஒருமுறை, புதிதாக முழுதும் விரிந்த இலையின் பச்சையை அட்டையோடு ஒப்பிட்டு, நிறம் குறைந்தால் மட்டும் மேலுரம் இடலாம். கருகருவென்று நிற்கும் பயிர் கண்ணுக்கு நன்றாக இருக்கும். குலைநோயும் இலைச்சுருட்டுப் புழுவும் முதலில் தேடி வருவதும் அதைத்தான். கதிர் முற்றும்போது சாய்வதும் அதுவே.

அண்மையில் பரவிய நானோ திரவ யூரியாவைக் கணக்குப் போட்டே பார்க்க வேண்டும். 4 சதவீத நைட்ரஜன் கொண்டதாக அறிமுகமான 500 மில்லிலிட்டர் பாட்டிலில் இருப்பது 20 கிராம் நைட்ரஜன். ஒரு மூட்டையில் இருப்பது 20.7 கிலோ, ஆயிரம் மடங்கு. இலை வழியாகத் தெளிப்பது எவ்வளவு திறமையாகச் சேர்ந்தாலும் இந்த இடைவெளியை அது நிரப்பாது. மூட்டைக்குப் பதில் பாட்டில் என்ற வாக்குறுதியை வேதியியல் ஏற்காது.

வயலில் பிடிபடாத நைட்ரேட் கிணற்றுக்கு வருகிறது. 1945-ல் அமெரிக்காவின் ஐயோவாவில் ஹண்டர் காம்லி என்ற மருத்துவர், கிணற்று நீரில் கரைத்த பால் குடித்த கைக்குழந்தைகள் நீலம் பாய்வதைப் பதிவு செய்தார். குழந்தையின் வயிற்றில் நைட்ரேட் நைட்ரைட்டாக மாறி, ஹீமோகுளோபினின் இரும்பை ஆக்சிஜன் சுமக்க முடியாத நிலைக்குத் தள்ளிவிடுகிறது. அதை மீட்கும் மருந்து மெத்திலீன் ப்ளூ. 1876-ல் ஹைன்ரிஷ் காரோ துணிச்சாயமாக உருவாக்கியது அது. அவர் வேலை பார்த்ததும் பின்னாளில் அம்மோனியா ஆலை கட்டிய அதே பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தில்தான். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024 அறிக்கையில், நாடு முழுவதும் எடுத்த மாதிரிகளில் ஐந்தில் ஒன்று அந்த வரம்பைத் தாண்டியிருந்தது. தமிழகத்தில் மூன்றில் ஒன்றுக்கும் அதிகம். உரம் மட்டும் காரணமில்லை. கழிவுநீரும் மலக்குழியும் பெரும் பங்கு வகிக்கின்றன. நீரைக் காய்ச்சினால் நைட்ரேட் போகாது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு கூடத்தான் செய்யும். அயனிப் பரிமாற்றப் பிசினோ எதிர்சவ்வூடு பரவல் கருவியோ வேண்டும். கைக்குழந்தை இருக்கும் வீட்டினர் கிணற்று நீரை ஒருமுறையாவது சோதித்துக்கொள்வது அவசியம்.

அம்மோனியா நேரடியாகவும் தாக்கும். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரை அடுத்த பெரியகுப்பத்தில், கப்பலிலிருந்து ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டு, மீனவக் குடும்பங்கள் நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடின. பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். எரிபொருளாகவும் அம்மோனியா பெருகப்போகிறது என்னும்போது இந்த நிகழ்வை மறக்கக்கூடாது.

ஹைட்ரஜனைத் திரவமாக்கிக் கப்பலில் ஏற்ற, −253 டிகிரி உறைகுளிர் வேண்டும். அம்மோனியாவோ −33 டிகிரியிலேயே திரவமாகிவிடும்; அதன் எடையில் 17.6 சதவீதம் ஹைட்ரஜன். எரித்தால் கரியமில வாயு வராது. 2024-ல் ஜப்பானின் ஹெக்கினான் அனல்மின் நிலையத்தில் நிலக்கரியோடு 20 சதவீத அளவுக்கு அம்மோனியா சேர்த்து எரித்துச் சோதித்தார்கள்; அதே ஆண்டு சிங்கப்பூரில் ஒரு கப்பல் அம்மோனியாவை எரிபொருளாக்கிக் காட்டியது. சுடர் மெதுவாகப் பரவுவதும், நைட்ரஜன் ஆக்சைடுகள் வெளியேறுவதும் தீர்க்க வேண்டிய சிக்கல்கள்.

கரி கலவாத அம்மோனியாவுக்குத் தண்ணீரை மின்னால் பிளந்த ஹைட்ரஜன் வேண்டும். இது புதிய யோசனை அன்று. 1960-களின் தொடக்கத்திலேயே பஞ்சாபின் நங்கல் உர ஆலை, பக்ரா அணையின் மின்சாரத்தால் நீரைப் பிளந்து அம்மோனியா செய்தது. மலிவான எண்ணெயும் வாயுவும் அந்த வழியைப் பின்னுக்குத் தள்ளின. 2023-ல் தொடங்கிய தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கம் அதை மீட்க முயல்கிறது; தூத்துக்குடித் துறைமுகம் அதற்கான மையங்களில் ஒன்று. ஒரு டன் அம்மோனியாவுக்குச் சுமார் 10,000 யூனிட் மின்சாரம் தேவைப்படும். அந்தக் கணக்கில் ஒரு மூட்டை யூரியாவுக்கு வேண்டிய 25 கிலோ அம்மோனியாவுக்கு 250 யூனிட். யூரியா செய்யக் கரியமில வாயுவும் வேண்டும் என்பதால், பசுமை ஆலை அதையும் வேறெங்கிருந்தோ பெற வேண்டியிருக்கும்.

உலையே இல்லாமல், அறை வெப்பத்தில் மின்சாரத்தால் நைட்ரஜனை நேரடியாக அம்மோனியாவாக்கும் ஆய்வும் நடக்கிறது. லித்தியம் வழியான முறை உண்மையான நம்பிக்கை தருகிறது. ஆனால் இத்துறையில் வெளியான பல முடிவுகளில் அளக்கப்பட்ட அம்மோனியா, காற்றிலிருந்தும் வேதிப்பொருள்களிலிருந்தும் தற்செயலாகக் கலந்ததாக இருக்கக்கூடும் என்று 2019-ல் நேச்சர் இதழில் வந்த கட்டுரை காட்டியது. அதன்பின் நைட்ரஜன்-15 ஐசோடோப்பைக் கொண்டு சரிபார்ப்பது எதிர்பார்க்கப்படும் ஒழுங்காகிவிட்டது. துறைக்கு அது நன்மையே செய்தது.

புதிய ஆலைகள் வரட்டும், வர வேண்டும். ஆனால் அந்த 250 யூனிட்டில் 150-க்கு மேல், பயிருக்குச் சேராமல் போகும் நைட்ரஜனுக்கே செலவாகிறது. வேம்புப் பூச்சு, ஆழப் புதைப்பு, இலை வண்ண அட்டை, சம்பாவுக்கு முன் ஒரு தக்கைப்பூண்டு விதைப்பு ஆகியவற்றால் காப்பாற்றப்படும் ஒவ்வொரு கிலோவும் மின்சாரம் கேட்காது, கிணற்றைக் கெடுக்காது. ₹266 அளவில் விற்கும் மூட்டை சிக்கனத்தைத் தூண்டுவதில்லை என்பதால், இந்த ஆய்வை வயலுக்குக் கொண்டுசேர்க்கும் பணியில் வேளாண் விரிவாக்கத் துறை இன்னும் பல மடங்கு உழைக்க வேண்டும்.