பழைய ஷேவிங் செட் வாங்கலாமா?

திருப்பூரில் செகண்ட் ஹேண்ட் நிட்டிங் மெஷின் வாங்குபவர் ஊசியைப் பற்றிப் பெரிசா கவலைப்பட மாட்டார். ஊசியை மாத்திக்கலாம். சிலிண்டர் தேய்ந்திருந்தால், ஊசியை மாத்தினாலும் துணியில் கோடு விழும். பழைய ஷேவிங் செட்டுக்கும் இதே கணக்குதான்.

மழிக்கிறது பிளேடு. 1947-இல் வந்த ஜில்லெட் சூப்பர் ஸ்பீடிலும் பெட்டிக்கடை டோபாஸ் பிளேடு அப்படியே பொருந்தும். ஆக, பழசு என்பதாலேயே ஷேவ் நல்லா வந்துடாது.

வித்தியாசம் உலோகத்தில். அந்தக் கால ஜில்லெட் செட்டுகள் பெரும்பாலும் பித்தளை, மேலே நிக்கல் முலாம். இப்போதைய மலிவான செட்டுகளில் பல துத்தநாகக் கலவை. முலாம் போனால் பித்தளை நிறம் மங்கும்; துத்தநாகக் கலவையோ அரிச்சு, மரை உடையும். நம்ம ஊர் போர் தண்ணியின் உப்புக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆனால் பித்தளையிலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் புதுசே கிடைக்குது. அதனால் 'ஆன்டிக்' விலை கேட்டால் நான் வாங்க மாட்டேன். குறைந்த விலைக்குக் கிடைத்தால், பிளேடு மாட்டி இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளியே தெரிகிறதா, மரை இறுகுகிறதா, கைப்பிடியில் விரிசல் உண்டா என்று பாருங்கள். சோப்பில் தேய்த்துக் கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்த பிறகே முகத்தில் வையுங்கள்.