மெழுகுப் பூக் கொடி: அதிகம் சீராட்டாதீர்கள்!

மல்லிகையும் ரோஜாவும் வளர்க்க யாருக்குத்தான் ஆசையில்லை? ஆனால் ஃப்ளாட் வீட்டில் வெயிலுக்கு எங்கே போவது, மண்ணுக்கு எங்கே போவது? "மணி பிளான்ட்டை விட்டா நமக்கு வேற என்ன ஒத்து வரும்?" என்று அலுத்துக்கொள்ளும் சகோதரிகளுக்கு நான் சிபாரிசு செய்வது ஹோயா. தடித்த இலைகள். கொத்துக் கொத்தாக நட்சத்திரப் பூக்கள். மெழுகில் அச்சு வார்த்தது போல் இருக்கும். முதல் தடவை பார்ப்பவர்கள் "நிஜப் பூதானா?" என்று தொட்டுப் பார்க்காமல் நகர மாட்டார்கள்.

இதை வளர்க்க ஒரே ஒரு ரகசியம்தான். தண்ணீர் ஊற்றும் கையையும், கத்தரிக்கோல் பிடிக்கும் கையையும் சற்றே கட்டிப் போட வேண்டும்!

எருக்குக்குச் சொந்தம்

பெயர்தான் அந்நியம். 1810-ல் ராபர்ட் பிரௌன் என்ற தாவரவியல் அறிஞர், லண்டனை அடுத்த சயான் மாளிகையில் தோட்டக்காரராக இருந்த தாமஸ் ஹாய் என்பவரைக் கௌரவிக்க இந்தப் பெயரை வைத்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் 'பிரௌனியன் இயக்கம்' என்று படிக்கிறார்களே, அதே பிரௌன்தான்.

செடியோ நம் ஆசியாக் கண்டத்துச் செடி. 500-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் சில வகைகள் இருக்கின்றன. ஒன்றுக்குக் கன்னியாகுமரியின் பெயரையே வைத்து 'ஹோயா கன்யாகுமாரியானா' என்கிறார்கள். எருக்கும் இதுவும் ஒரே குடும்பம். பிள்ளையார் சதுர்த்திக்கு மாலை கட்டும்போது எருக்கம்பூவின் நடுவே கிரீடம் மாதிரி இருக்குமே, அதே அமைப்பு இதிலும் உண்டு. கிள்ளினால் பாலும் வரும். அந்தப் பால் கண்ணில் படக் கூடாது. சிலருக்குத் தோல் அரிக்கும். கையைக் கழுவிவிடுங்கள்.

காட்டில் இவற்றில் பல மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வளர்கின்றன. புல்லுருவி போல் மரத்தின் சாரத்தை உறிஞ்சுவதில்லை. மழையில் வேர் நனையும், காற்றில் சீக்கிரம் உலரும். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானே புரியும்.

வாங்கும்போது

நர்சரியில் இரண்டு மூன்று கணுக்களாவது உள்ள செடியாகப் பார்த்து வாங்குங்கள். சமவெளியில், வெக்கை அதிகமுள்ள ஊர்களில், ஹோயா ப்யூபிகாலிக்ஸ் என்ற வகை நன்றாகத் தாங்கும். பரவலாகக் கிடைக்கும் ஹோயா கார்னோசாவுக்குச் சற்றுக் குளிர்ந்த இடம் பிடிக்கும்.

பிப்ரவரி மாதம் வந்தால், இதய வடிவ இலை ஒன்றை மட்டும் குட்டித் தொட்டியில் நட்டு அழகாக ரிப்பன் கட்டி விற்பார்கள். அது ஹோயா கெர்ரி. இலைக் காம்போடு தண்டின் கணு இல்லாவிட்டால் வேர் விடும், வருஷக் கணக்கில் பச்சையாகவும் இருக்கும். ஆனால் கொடியாக வளராது. பார்க்க அழகு போதும் என்றால் வாங்கலாம். கொடி வேண்டுமென்றால் அந்தப் பணத்துக்குத் தண்டுள்ள நாற்றைக் கேளுங்கள்.

தொட்டியும் கலவையும்

பெரிய தொட்டி வேண்டாம். வேர் நெருக்கமாக இருப்பதுதான் இதற்குப் பிடிக்கும். அடியில் கட்டாயம் ஓட்டை இருக்க வேண்டும். வெறும் செம்மண்ணில் நட்டால் வேர் மூச்சு விட முடியாமல் அழுகும்.

தேங்காய் மட்டைத் துண்டு 2 பங்கு, அடுப்புக்கரித் துண்டு 1 பங்கு, தென்னை நார்க்கழிவு 1 பங்கு, மண்புழு உரம் ஒரு கைப்பிடி. மட்டைத் துண்டுகளை இரண்டு நாள் ஊற வைத்து, தண்ணீரை மாற்றி அலசிவிட்டுச் சேருங்கள்.

தண்ணீர் எப்போது?

கிழமை பார்த்து ஊற்றாதீர்கள், இலையைப் பார்த்து ஊற்றுங்கள். முற்றிய இலை ஒன்றை இலேசாக வளைத்துப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் பொறுங்கள். துவண்டு, கலவையும் காய்ந்திருந்தால் அடி ஓட்டை வழியே வடியும் வரை ஊற்றுங்கள். கலவை ஈரமாக இருந்தும் இலை சுருங்கினால் வேர் அழுகுகிறது என்று அர்த்தம். அப்போது இன்னும் ஊற்றினால் செடி போய்விடும்! ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டியைக் கூரைக்கடியில் வைத்துவிடுங்கள். கல்யாணம், கார்த்திகை என்று ஒரு வாரம் ஊருக்குப் போனாலும் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

காலை இளவெயில் படும் ஜன்னலோரம் உத்தமம். உச்சி வெயிலில் இலை கருகும். இருட்டு மூலையில் உயிரோடு இருக்கும், பூக்காது.

வெட்டாதீர்கள்!

திடீரென்று இலையே இல்லாமல் நீளமாக ஒரு வால் கிளம்பும். "அசிங்கமா இருக்கே" என்று நறுக்கிவிடாதீர்கள். அது பற்றிக்கொள்ள இடம் தேடுகிறது. கம்பி வளையத்தில் சுற்றிவிடுங்கள். இலையும் பூவும் பிறகு அதில் வரும்.

பூ உதிர்ந்ததும் குட்டையான காம்பு ஒன்று மிஞ்சும். அடுத்த தடவை பெரும்பாலும் அதே காம்பில்தான் பூக்கும். அதை ஒடித்தால் வரப்போகும் பூவை ஒடித்த மாதிரி. ஆகவே இது தலையில் வைக்கும் பூ அல்ல, கொடியிலேயே பார்த்து ரசிக்கும் பூ. பல வகைகள் இரவில் மணக்கும். தேன் சொட்டி எறும்பு வரும். கட்டிலுக்கு மேலே தொங்கவிட வேண்டாம்.

எருக்கில் மொய்க்கும் மஞ்சள் அசுவினி இதிலும் வரும், மாவுப்பூச்சியும் வரும். ஈரத் துணியால் துடைத்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலத்தில் தெளியுங்கள்.

புதுக் கன்று வேண்டுமா? இரண்டு கணு உள்ள தண்டை வெட்டி, பால் வடிந்து உலர்ந்தபின் ஒரு கணு முழுகும்படி தண்ணீரில் வையுங்கள். மூன்று நான்கு வாரத்தில் வேர் விடும். தோழிகளுக்குக் கொடுக்க இதைவிட நல்ல பரிசு உண்டா?

தண்டிலிருந்து வளர்த்தால் முதல் பூவுக்கு இரண்டு மூன்று வருஷமும் ஆகலாம். பூக்கவில்லையே என்று உரத்தைக் கொட்டாதீர்கள், தொட்டியை மாற்றாதீர்கள். வெளிச்சத்தைக் கொடுத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். அது தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.