உள்ளங்கைப் பொருளும் ஊர் திரும்பாத ஆட்களும்: நெட்சுகே சேகரிப்பு குறித்து

ஜப்பானியத் தந்தச் சிற்றுருக்களைச் சேகரிப்பது பற்றி ஜவ்வாது மலைப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒருவன் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நானும் இவற்றைப் படங்களில்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் ரசனை, அழகியல் என்றெல்லாம் சொல்லப்படுகிற சங்கதிகள் யாருடைய உழைப்பின் மேல் நிற்கின்றன என்று யோசிக்கிறவர்கள் இந்தக் கட்டைவிரல் அளவுப் பொருளிலிருந்து தொடங்கலாம் என்பது என் எண்ணம். இதோடு சேர்ந்த ஒரு நூல் இந்த மலை வரைக்கும் வருகிறது.

1

முதலில் பொருள். ஜப்பானியரின் கிமோனோ உடைக்குப் பை கிடையாது. பணம், புகையிலை, மருந்துச் சிமிழ் எதுவானாலும் கயிற்றில் கட்டி இடுப்புக் கச்சையிலிருந்து தொங்கவிட வேண்டும். கயிறு நழுவாமல் கச்சைக்கு மேலே தடுத்து நிற்கும் குமிழ்தான் நெட்சுகே. நம் கிழவிகள் சுருக்குப் பையை இடுப்பில் செருகுவார்களே, அந்தச் செருகலுக்கு அவர்கள் ஒரு குமிழ் வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

எடோ காலத்தில் (1603-1868) இது கலையாக வளர்ந்ததற்குக் காரணம் உண்டு. வணிகர்களிடம் காசு இருந்தது, சமூக அடுக்கில் இடம் இல்லை. யார் எதை உடுத்தலாம், எவ்வளவு பகட்டலாம் என்பதற்குச் சட்டங்கள் இருந்தன. பட்டில் காட்ட முடியாத பவிசை இந்தச் சின்னப் பொருளில் காட்டினார்கள். 1781இல் ஒசாகாவில் வெளிவந்த 'சோகென் கிஷோ' என்ற நூல் 50க்கு மேற்பட்ட செதுக்குநர்களைப் பட்டியலிடுகிறது. அதற்குள் கைவினைஞனுக்குப் பெயர் வந்துவிட்டது, கையொப்பத்துக்கு மதிப்பு வந்துவிட்டது.

வடிவத்தைத் தீர்மானித்தது உபயோகம்தான். அளவு பெரும்பாலும் 3 முதல் 5 சென்டிமீட்டர். எலி செதுக்கினால் வால் உடம்பைச் சுற்றி மடங்கியிருக்கும். நீட்டிக்கொண்டிருந்தால் உடையில் மாட்டும், ஒடியும். கயிறு நுழைய இரண்டு துளை வேண்டும். அல்லது மடங்கிய கால் இடுக்கே துளையாகும். யாரும் பார்க்காத அடிப்பக்கத்திலும் செதுக்கல் இருக்கும். வருஷக்கணக்கில் கையும் துணியும் பட்டுத் தேய்ந்து ஒரு மினுக்கம் ஏறும். இன்றைய சேகரிப்பாளர்கள் அந்தத் தேய்மானத்துக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறார்கள்.

2

1868க்குப் பிறகு மெய்ஜி ஆட்சியில் மேலைநாட்டுக் கோட்டு வந்தது. கோட்டில் பை இருந்தது. நெட்சுகேவுக்கு வேலை போயிற்று. வேலை போன அந்தக் கணத்தில்தான் அது சேகரிப்புப் பொருளாக ஆகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பாரிஸிலும் லண்டனிலும் ஜப்பான் மோகம் பரவிய 1870களில் நெட்சுகேக்கள் மொத்தம் மொத்தமாகக் கப்பலேறின. பொருளைப் 'பயன்' என்கிற நுகத்தடியிலிருந்து அவிழ்த்துவிடுகிறவன் சேகரிப்பாளன் என்ற கருத்து வால்டர் பெஞ்சமினிடம் உண்டு. சரிதான், அவிழ்த்துவிடுகிறான். ஆனால் நுகத்தடியோடு சேர்த்து வேறு எதெல்லாம் கழன்று விழுகிறது?

எஃப்ருஸி குடும்பத்தின் கதையைப் பார்ப்போம். யூத வங்கிக் குடும்பம். சார்ல்ஸ் எஃப்ருஸி 1870களில் பாரிஸில் 264 நெட்சுகேக்களை வாங்கினார். 1899இல் வியன்னாவில் ஒரு திருமணத்துக்கு அவை பரிசாகப் போயின. 1938இல் நாஜிகள் வியன்னாவுக்குள் வந்து குடும்பத்தின் மாளிகையைப் பறித்துக்கொண்டார்கள். அன்னா என்ற பணிப்பெண் மேலங்கிப் பையில் இரண்டு மூன்றாக இவற்றைக் கடத்திக்கொண்டுபோய்த் தன் மெத்தைக்குள் ஒளித்துவைத்தாள். போர் முடிந்ததும் குடும்பத்தாரிடம் திருப்பிக் கொடுத்தாள் என்று அக்குடும்பத்தின் வாரிசும் மட்பாண்டக் கலைஞருமான எட்மண்ட் டி வால் தமது 2010ஆம் வருட நூலில் எழுதுகிறார். அவர்கள் இழந்த மாளிகைகள், ஓவியங்கள் எல்லாவற்றுக்கும் எதிரே கையில் அடங்கும் இந்தப் பொருள்கள் மட்டும் தப்பின. நெகிழ வைக்கிற நூல், சந்தேகமில்லை. 2018இல் அவர் இவற்றில் ஒரு பகுதியை ஏலம் விட்டு அகதிகளுக்கான அமைப்புக்குப் பணம் கொடுத்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆனால் ஒன்று. அந்த நூலில் அன்னாவின் முழுப்பெயர் இல்லை. நூலாசிரியருக்கே அது கிடைக்கவில்லை. எல்லா உடைமையாளர்களுக்கும் தேதியோடு பெயர் இருக்கிறது, காப்பாற்றியவளுக்குப் பாதிப் பெயர்தான். இது தனிப்பட்ட குறை இல்லை. சேகரிப்பு என்கிற சொல்லாடல் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. ஏலக் கூடத்தில் ஒரு பொருளின் 'வரலாறு' என்றால் அது யார் யாரிடம் கைமாறியது என்பதுதான். வரலாறு முதல் உடைமையாளரிடம் தொடங்குகிறது. அதற்கு முன்னால் இருந்த யானைக்கோ, தந்தத்தை வெட்டியவனுக்கோ, சுமந்தவனுக்கோ அந்தப் பட்டியலில் வரி கிடையாது.

3

ஜப்பான் காடுகளில் யானை இல்லை. தந்தம் முழுக்க இறக்குமதி. தெற்காசிய, தென்கிழக்காசியத் துறைகளிலிருந்து சீன, டச்சுக் கப்பல்கள் நாகசாகியில் கொண்டுவந்து இறக்கின. அதில் பெரிய துண்டுகள் ஷாமிசென் என்னும் மூன்று நரம்பு இசைக்கருவியை மீட்டும் அகலத் தகடுகளாயின. தகடு வெட்டியபின் மிஞ்சிய துண்டுகளிலிருந்து ஏராளமான நெட்சுகேக்கள் பிறந்தன. சில செதுக்கல்கள் முக்கோண வாக்கில் இருப்பதற்கு அந்தத் துண்டின் வடிவமே காரணம்.

தந்தமா, எலும்பா, பிசினா என்று கண்டுபிடிக்கச் சேகரிப்பாளர்கள் வெட்டுமுகத்தைப் பார்ப்பார்கள். யானைத் தந்தத்தின் குறுக்கு வெட்டில் ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள் வலை மாதிரித் தெரியும். எலும்பில் இரத்தக் குழாய்கள் ஓடிய கரும்புள்ளிகள் இருக்கும். அச்சில் வார்த்த பிசினில் இரண்டும் இருக்காது. பார்க்கப்போனால் அந்தக் கோடுகள் ஒரு மிருகத்தின் வாழ்நாள் வளர்ச்சி. அந்த வளர்ச்சியே இங்கே 'அசல்' என்பதற்கு முத்திரை.

சட்டம் எங்கே வருகிறது? ஆசிய யானையின் பன்னாட்டு வணிகம் 1975இலேயே தடைக்குள் வந்துவிட்டது. ஆப்பிரிக்க யானைக்கு 1989இல் தீர்மானம். இந்தியாவில் 1972ஆம் வருட வனவிலங்குச் சட்டம் 1986இல் திருத்தப்பட்டு உள்நாட்டுத் தந்த வணிகம் நின்றது. 1991இல் ஆப்பிரிக்கத் தந்தத்துக்கும் கதவு அடைபட்டது. பிரிட்டனின் 2018ஆம் வருடச் சட்டம் 2022இல் நடைமுறைக்கு வந்தது. முழுத் தந்த நெட்சுகேவை அங்கே விற்க வேண்டுமானால் அது 1918க்கு முந்தியதாக இருக்க வேண்டும், அரிய கலைமதிப்பு உள்ளது என்று சான்றும் பெற வேண்டும். அதாவது சாவு பழையதாகவும் வேலைப்பாடு நேர்த்தியாகவும் இருந்தால் விற்கலாம்! சட்டத்தை நான் குறை சொல்லவில்லை, யானைக்கு அது தேவை. அது எந்தத் தர்க்கத்தில் இயங்குகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

4

இப்போது அந்த ஷாமிசென்னுக்குத் திரும்புவோம். மீட்டும் தகடு தந்தம் என்றால் கழுத்துக்கு எது உசத்தி? ஜப்பானியர் 'கோகி' என்று அழைக்கும் மரம். நாம் செம்மரம், செஞ்சந்தனம் என்கிறோம். உலகத்தில் அது இயற்கையாக வளர்வது முக்கியமாகச் சேஷாசலம், கடப்பை, நெல்லூர்ப் பக்கத்துக் குன்றுகளில். தண்ணீரில் போட்டால் மூழ்குகிற கனம், வைரம் பாய நெடுங்காலம் பிடிக்கும். சீனாவில் அரசவை மேசை நாற்காலிகளுக்கும், இன்று புதுப் பணக்காரர்களின் அலங்காரச் சாமான்களுக்கும் சிற்றுருக்களுக்கும் இதே மரம்தான்.

அந்த மரத்தை வெட்டப் போகிறவர்கள் எங்கிருந்து போகிறார்கள்? ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, சித்தேரி மலை. மலையாளிப் பழங்குடிகள். ஜவ்வாது மலையே ஒரு காலத்தில் சந்தனக் காடு. கீழே திருப்பத்தூரில் அரசாங்கத்தின் சந்தனக் கிடங்கு இருக்கிறது. சந்தனம் அருகிப்போயிற்று, கோடாரி பிடித்த கை மிஞ்சியது. சாமை, புளி, கடுக்காய், தேன் இவற்றில் வருஷம் முழுக்க வயிறு நிறையாது. புரோக்கர் வந்து முன்பணம் கொடுக்கிறான். 'ஆந்திராவுக்கு வேலைக்குப் போறோம்' என்று கிளம்புகிறார்கள். கப்பலில் ஏற்றுகிறவன் பெயர் இவர்களுக்குத் தெரியாது, கட்டை எந்த நாட்டில் என்னவாக ஆகும் என்பதும் தெரியாது.

2013 டிசம்பரில் சேஷாசலத்தில் வன அதிகாரிகள் இருவர் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு தமிழ்நாட்டுக் கூலிகள் நூற்றுக்கணக்கில் கைதானார்கள். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி ஆந்திரச் சிறப்புக் காவல் படை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக்காரர்கள். ஜவ்வாது மலையிலும் இழவு விழுந்தது. தற்காப்புக்குச் சுட்டோம் என்றது காவல்துறை. கூட வந்தவர்களைப் பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று தப்பி வந்தவர்கள் சொன்னார்கள். தேசிய மனித உரிமை ஆணையம் வரை போயிற்று.

இதில் ஒரு விஷயம் நம் கவனத்துக்கு உரியது. செம்மரத்தின் பன்னாட்டு வணிகம் 1995 முதல் கட்டுப்பாட்டில் உள்ளது. ஆனால் பறிமுதல் செய்த கட்டைகளைச் சிறப்பு அனுமதியோடு அரசே ஏலம் விடுகிறது. 2014இல், துப்பாக்கிச் சூட்டுக்குச் சில மாதங்களுக்கு முன்னால், ஆந்திர அரசு ஆயிரக்கணக்கான டன்களை உலக ஏலத்துக்கு வைத்தது. வெட்டியது கூலிகளின் கோடாரிதான். கட்டை அரசின் கைக்கு மாறியதும் அதன் குற்றம் கழுவப்பட்டுவிடுகிறது. அது 'வருவாய்' ஆகிவிடுகிறது. வெட்டியவனுக்கு அந்தக் கழுவல் கிடைப்பதில்லை. மார்க்ஸ் சொன்ன பண்ட மாயைக்கு இதைவிடத் துலக்கமான உதாரணம் வேண்டுமா?

5

அப்படீன்னா நெட்சுகேவை எல்லாம் உடைத்துப்போட வேண்டுமா? அப்படி நான் சொல்லவில்லை. அந்த எலியின் வாலைச் சுற்றி மடக்கிய விரல்களும் உழைத்த விரல்கள்தான். தந்த வேலைக்காரனும் கூலிக்காரனும் எதிரிகள் இல்லை. பிரச்சினை பொருளைப் பற்றி எழுதப்படும் வரலாற்றில் இருக்கிறது.

ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பேர்போனது. ஆநிரை கவரப் போனவர்களும் மீட்கப் போனவர்களும் செத்த இடங்களில் நட்ட கற்கள் அவை. எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்றில், செத்த வீரனுக்குப் பக்கத்தில் அவனுடைய நாயும் நிற்கிறது. நாயின் பெயர் கோவிவன் என்று கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். அடுத்தவன் மாட்டை ஓட்டிப் போனதும் ஒரு வகையில் களவுதான். ஆனாலும் செத்தவனுக்குப் பெயரைப் பொறித்தது அந்தச் சமூகம்; காவல் நின்ற நாய்க்கும் பொறித்தது. அரசனுக்கும் சேவகனுக்கும் இருந்த உறவைப் புனிதமாக்கும் வேலையும் அந்தக் கற்களில் உண்டு என்பது தெரிந்ததுதான். இருந்தும் பெயர் இருக்கிறது.

அருங்காட்சியகத்தின் அட்டையிலும் ஏலப் பட்டியலிலும் இரண்டு வரி கூடுதலாக எழுதும்படி கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை: இந்தத் தந்தம் எந்தத் துறை வழியாக வந்தது, இந்த மரத்தை எந்த ஊர்க்காரர்கள் வெட்டினார்கள். ஆனால் அந்த இரண்டு வரியை எழுத முயன்றால் மொத்தப் பட்டியலும் ஆட்டம் காணும். கதை எழுதுகிறவர்களும் களத்தில் வேலை செய்கிறவர்களும் சேர்ந்து செய்யக்கூடிய வேலை இது. பொருளின் வரலாற்றை வாங்கியவனிடமிருந்து தொடங்காமல் வெட்டியவனிடமிருந்து தொடங்கி எழுதிப் பார்ப்போம். 2015இல் செத்த 20 பேருக்கும் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது. முதல் பக்கத்துக்கு அது போதும்.