சொக்சோ கடிதத்தில் உள்ள விழுக்காடு இறுதி முடிவா?
மேல்முறையீடு செய்ய 90 நாட்கள் உண்டு

விபத்து நாள் பார்த்து வருவதில்லை. விடியுமுன் நெற்றி விளக்கின் ஒளியில் பால்மரம் வெட்டும்போது கத்தி நழுவலாம். மழை பெய்த மேட்டில் பால் வாளியோடு சறுக்கி விழலாம். ஆலையில் உருளை இயந்திரம் கையைப் பற்றிக்கொள்ளலாம். காயம் ஆறிவிடுகிறது. ஆனால், இழந்த விரலும் மடங்க மறுக்கும் மூட்டும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

சில மாதங்கள் சென்றபின் சமூகப் பாதுகாப்பு நிறுவனமாகிய சொக்சோவிலிருந்து ஒரு கடிதம் வருகிறது. உடற்குறை இத்தனை விழுக்காடு என்று அதில் குறிக்கப்பட்டிருக்கும். "டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள், இனி நாம் என்ன செய்ய முடியும்?" என்று அக்கடிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்துவிடுவோர் நம்மிடையே உண்டு. அந்த விழுக்காட்டை மறுபரிசீலனை செய்யக் கோருவதற்குச் சட்டம் வழி வகுத்துள்ளது. அவ்வழியை இங்கு விளக்க விரும்புகிறோம்.

சட்டம் தந்த உரிமை

முற்காலத்தில், 1952ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்ட ஈட்டுச் சட்டப்படி, விபத்துக்குள்ளான தொழிலாளிக்கு நட்ட ஈடு தரும் பொறுப்பு முதலாளியையே சார்ந்திருந்தது. 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் அந்நிலையை மாற்றியது. 1971ஆம் ஆண்டில் சொக்சோ செயல்படத் தொடங்கியது.

இதன்கீழ் இரு திட்டங்கள் உள்ளன. ஒன்று, வேலையினால் ஏற்படும் விபத்துக்கும் தொழில்சார் நோய்க்கும் உரிய திட்டம். இதற்கான சந்தாவை முதலாளியே செலுத்துகிறார். மற்றொன்று, எக்காரணத்தாலும் உழைக்க இயலாதபடி உடல் நலிந்தவர்களுக்கான திட்டம். இதற்கு முதலாளி, தொழிலாளி இருவரும் சந்தா செலுத்துகின்றனர்.

வேலைத் தலத்தில் நேரும் விபத்து மட்டுமின்றி, வீட்டிலிருந்து வேலைக்குச் செல்லும் வழியிலும் வேலை முடிந்து திரும்பும் வழியிலும் நேரும் விபத்தும் முதல் திட்டத்தில் அடங்கும்.

ஒரு விழுக்காட்டின் மதிப்பு

காயம் ஆறி, சிகிச்சை முடிந்த பின்பும் குறை நீடிக்குமானால், மருத்துவர் குழு தொழிலாளியைச் சோதித்து உடற்குறையை விழுக்காட்டில் மதிப்பிடுகிறது. சட்டத்தின் இரண்டாம் அட்டவணை சில இழப்புகளுக்கு அளவு குறித்திருக்கிறது. இரு கைகளையும் இழந்தால் 100 விழுக்காடு; ஒரு கையின் நான்கு விரல்களையும் இழந்தால் 50; கட்டை விரலுக்கு 30; ஆட்காட்டி விரல் முழுவதற்கும் 14.

விரல் துண்டிக்கப்பட்டால் அட்டவணையைப் பார்த்து அளவு சொல்லிவிடலாம். ஆனால் விரல் இருந்தும் மடங்கவில்லை, நரம்பு பாதிக்கப்பட்டுப் பிடிமானம் இல்லை, முதுகில் அடிபட்டுக் குனிய முடியவில்லை என்னும் நிலைகளை மருத்துவர்கள் சோதித்துத்தான் மதிப்பிட வேண்டும். கருத்து வேறுபாடு பெரும்பாலும் இங்கேதான் எழுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். ஒரு தொழிலாளியின் சராசரி நாள் ஊதியம் 60 வெள்ளி எனக் கணக்கிடப்பட்டதாகக் கொள்வோம். முழு உடற்குறைக்கு அதில் 90 விழுக்காடு, அதாவது நாளொன்றுக்கு 54 வெள்ளி. குறை 20 விழுக்காடு என்றால் அவருக்குரியது 10 வெள்ளி 80 காசு. 30 விழுக்காடு என்றால் 16 வெள்ளி 20 காசு. வேறுபாடு நாளொன்றுக்கு 5 வெள்ளி 40 காசுதான். ஆனால் 30 நாட்கள் கொண்ட மாதத்தில் அது 162 வெள்ளி. ஆண்டுக்கு 1,944 வெள்ளி. இருபது ஆண்டுகளில் 38,880 வெள்ளி!

இன்னொன்றும் உண்டு. மதிப்பீடு 20 விழுக்காட்டுக்கு மேற்படாவிட்டால் முழுத் தொகையையும் ஒரே தடவையில் பெற்றுக்கொள்ளலாம். அத்துடன் அது முடிந்துவிடும். 20 விழுக்காட்டைத் தாண்டினால் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் மொத்தமாகப் பெறலாம். மீதம் ஆயுள் உள்ளளவும் மாதந்தோறும் வரும். ஆகவே, இந்த எல்லையின் அருகே நிற்பவர்கள் கடிதத்தைப் பன்மடங்கு கவனமாகப் படிக்க வேண்டும்.

மேல்முறையீடு செய்வது எப்படி?

முடிவு அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து 90 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். சொக்சோ அலுவலகத்தில் எழுத்து மூலம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்கிக்கொள்வது நலம். வழக்கு, மேல்முறையீட்டு மருத்துவர் குழுவின் முன் வைக்கப்படும். மலாய் மொழியில் இதனை 'ஜெமாஆ டோக்டர் ராயுவான்' என்பர். அக்குழு தொழிலாளியைப் புதிதாகச் சோதித்து, முந்திய மதிப்பீட்டை உறுதி செய்யலாம், மாற்றியும் அமைக்கலாம்.

நாட்களைத் தவற விடுவதற்குப் பெரிய காரணம் கடிதம் கைக்கு வராமற் போவதே. தோட்டம் துண்டாடப்பட்டுப் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தோர் புதிய முகவரியைச் சொக்சோவுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். கடிதம் வந்த நாளைக் குறித்துக்கொண்டு, உறையையும் பத்திரப்படுத்துங்கள்.

குழுவின் முன் செல்லும்போது

வெறும் மனக்குறை மட்டும் மதிப்பீட்டை உயர்த்தாது, சான்று வேண்டும். மருத்துவமனை அறிக்கைகள், எக்ஸ்ரே படங்கள், அறுவைச் சிகிச்சைக் குறிப்புகள், மருத்துவ விடுப்புச் சீட்டுகள், விபத்தைப் பற்றித் தோட்ட நிர்வாகம் அளித்த அறிக்கையின் நகல் ஆகியவற்றைத் தேதி வாரியாக அடுக்கி எடுத்துச் செல்லுங்கள். சிகிச்சை அளித்த சிறப்பு மருத்துவரிடம், எந்த மூட்டு எவ்வளவு மடங்குகிறது, பிடிமானம் எவ்வளவு குறைந்துள்ளது என்பன போன்ற விவரங்களுடன் அறிக்கை கேட்டுப் பெறுங்கள்.

நம் மக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. "இப்போது எப்படி இருக்கிறது?" என்று மருத்துவர் கேட்டால், மரியாதை கருதி, "பரவாயில்லை, டாக்டர்" என்று சொல்லிவிடுகிறோம். இந்த இடத்தில் அச்சொல் நமக்கே பாதகமாகும். கத்தியைப் பிடித்து மரத்தைச் சுற்றி வெட்ட முடிகிறதா? நிறைந்த வாளியைத் தூக்க முடிகிறதா? சட்டைப் பொத்தானைப் போட முடிகிறதா? உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். மிகைப்படுத்தவும் வேண்டாம். சோதித்துப் பார்க்கும் மருத்துவர் அதைக் கண்டுகொள்வார். பிறகு உண்மையையும் நம்பத் தயங்குவார்.

மலாய் மொழியில் விளக்கத் தயங்குவோர், படித்த மகனையோ மகளையோ தொழிற்சங்கப் பிரதிநிதியையோ முன்கூட்டியே கலந்து, சொல்ல வேண்டியதை எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

மற்றச் சிக்கல்கள்

விபத்து வேலையினால் நேர்ந்ததன்று எனச் சொக்சோ மறுத்துவிட்டால், அது மருத்துவர் தீர்க்க வேண்டிய கேள்வியன்று. அதனைச் சமூகப் பாதுகாப்பு மேல்முறையீட்டு வாரியத்தின் முன் கொண்டு செல்ல வேண்டும். எந்தக் கடிதம், எந்த வாயில் என்பதை முதலில் தெளிந்துகொள்ளுங்கள்.

மதிப்பீடு முடிந்து ஆண்டுகள் சென்றபின், எதிர்பாராத வகையில் காயத்தின் விளைவு பெரிதும் மோசமடைந்தால் என்ன செய்வது? அதற்கும் மறுஆய்வு கோரச் சட்டத்தில் இடமுண்டு. அதற்கும் மருத்துவச் சான்றே அடிப்படை.

மேல்முறையீடு நடக்கும் காலத்தில் சிகிச்சையையும் பயிற்சியையும் கைவிட்டுவிடக் கூடாது. காயமுற்றோர் மீண்டும் வேலைக்குத் திரும்ப உதவும் திட்டத்தைச் சொக்சோ 2007ஆம் ஆண்டு முதல் நடத்தி வருகிறது. மலாக்காவில் அதன் மறுவாழ்வு மையமும் உண்டு.

மேல்முறையீடு செய்வது மருத்துவர்களைக் குறை கூறுவதாகாது. அரசாங்கத்தை எதிர்ப்பதும் ஆகாது. சட்டம் அவ்வழியைத் திறந்து வைத்திருப்பதே தொழிலாளி பயன்படுத்துவதற்காகத்தான். ஆகவே, பெட்டியில் மடித்து வைத்த கடிதம் உங்கள் வீட்டில் இருக்குமானால், இன்றே எடுத்துத் தேதியைப் பாருங்கள். 90 நாட்கள் இன்னும் கடந்திராவிட்டால், நாளைக் காலையே புறப்படுங்கள்.